ஊர்காவற்றுறையில் தம்பிக்கு ஒரு பெரிய வீடு

தம்பி ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய பட்டியலில் முதலாவது, கடல் தெரிய வேண்டும். அடுத்தது ஐந்து அறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை. பிறகு எல்லா அறைக்கும் குளிரூட்டி, இரண்டு வாகனம் விட இடம், பிள்ளைகளுக்கு நீச்சல் தடாகம், மேல்மாடியில் நாலு பேரைக் கூப்பிட்டு விருந்து வைக்கிற மாதிரி ஒரு வெளி. எல்லாவற்றுக்கும் கீழே "நல்ல தண்ணீர்" என்று ஒரு வரி. நான் அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டுதான் வீடு தேடப் புறப்பட்டேன்.

ஊர்காவற்றுறையில் வசதியான வீடொன்று வாங்க வேண்டும் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டில் உழைத்து ஓய்வுக்குக் கிட்ட வந்தவர்கள், தாய் தகப்பன் பிறந்த மண்ணில் காலை நீட்டிப் படுக்க ஒரு நல்ல வீடு வேண்டும் என்று நினைப்பவர்கள். அந்த ஆசை எனக்கு நன்றாக விளங்கும். நானும் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொன்னில் பிறந்தவள்தான். இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். காலையிலிருந்து பின்னேரம் வரை மற்றவர்களின் காணி உறுதிகளை வாசிப்பதுதான் என் தொழில். ஆகவே தம்பிக்கு வீடு பார்க்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த அலைச்சலில் பார்த்ததையும் கேட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். விலையை மட்டும் எழுதவில்லை, தம்பி விரும்பமாட்டான்.

ஊரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் கடலைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை என்று போனால் தீவின் வடமேற்கு முனையில் ஊர்காவற்றுறை வரும். முன்னால் ஒடுங்கிய கடல், அக்கரையில் காரைநகர். நடுவில் தண்ணீருக்குள் நிற்பது கடற்கோட்டை, ஹம்மன்ஹீல் என்றும் சொல்வார்கள். போர்த்துக்கேயர் கட்டியதை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பின்னாளில் சிறையாக இருந்தது, இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. துறையடியிலிருந்து காரைநகருக்குப் பாதை, அதாவது ஆட்களை ஏற்றிக் கடல் கடக்கிற மிதவை, ஓடுகிறது. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகு ஏறுகிறவர்களும் இங்கேதான் வருகிறார்கள். ஆதார வைத்தியசாலை இருக்கிறது, நீதவான் நீதிமன்றம் இருக்கிறது, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. சின்னப் பட்டினம் என்றாலும் ஒரு பட்டினத்துக்கு வேண்டியது எல்லாம் உண்டு.

துறை மிகப் பழையது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இந்த ஊர்காவற்றுறைக்கு, வருவதைப் பற்றி அதில் பேசுகிறார் அரசர். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் சரிபாதி. உறுதி வாசிக்கிற எனக்கு இந்தக் கல்வெட்டில் தனிப் பிரியம். கடலில் உடைந்து போனதற்கும் எவருக்கு எத்தனை பங்கு என்று எழுதி வைத்த துறை இது.

அந்தத் துறையின் காசில்தான் இங்கே பெரிய வீடுகள் எழும்பின. கப்பல் வைத்திருந்தவர்கள், புகையிலை அனுப்பியவர்கள், கொழும்பில் கடை போட்டவர்கள் எல்லாரும் ஊரில் கல்வீடு கட்டினார்கள். 1990, 1991 இல் தீவுப்பகுதிச் சனம் கிளம்பியபோது அந்த வீடுகள் திறந்தபடி கிடந்தன. ஓடு போனது, வளை போனது, கதவு நிலை போனது, சுவர் மட்டும் நின்றது. 2009 க்குப் பிறகு சிலர் வந்து திருத்தினார்கள், சிலர் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள், சிலர் இன்னும் வரவேயில்லை. இன்று விற்பனைக்கு வருகிற பெரிய வீடு எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலில் தரகர் காட்டியது ஒரு புது மாளிகை. பிரான்சில் இருப்பவர் கட்டியது, கட்டிப் பத்து வருடம் ஆகவில்லை. வாசலில் உயரமான தூண்கள், உள்ளே மாபிள் தரை, வளைந்து ஏறுகிற படிக்கட்டு, மேல்மாடியில் கண்ணாடித் தடுப்பு. அங்கே நின்றால் கடற்கோட்டை நேரே முகத்துக்கு முன்னால் தெரிகிறது. கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அக்கா, இதையே முடியுங்கோ. வேற ஒண்டும் பாக்க வேண்டாம்" என்றான். உண்மையைச் சொன்னால் அந்த வடிவு எனக்கும் பிடித்திருந்தது.

சித்தப்பா முறையான ஒருவர் மேசன், அவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் கடலைப் பார்க்கவில்லை. முகப்புக் கொங்கிறீற்றுப் பிளாற்றுக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைப் பூச்சின் மேல் மண்ணிறத்தில் மெல்லிய கோடுகள், ஒன்றுக்கொன்று சம தூரத்தில், கட்டம் போட்ட மாதிரி. உள்ளே கம்பி எங்கெங்கே ஓடுகிறது என்பது வெளியிலிருந்தே தெரிந்தது. ஒரு தடியை எடுத்துக் கோட்டருகே தட்டினார், பொள்ளென்ற சத்தம். ஓரடி தள்ளித் தட்டினார், கெட்டியான சத்தம். "கடல் மண் கலந்திருக்கு, பிள்ளை. கழுவாமல் போட்டிருப்பினம்" என்றார்.

இது எப்படி நடக்கிறது என்று அவர் விளக்கியதை எழுதுகிறேன், தீவுப்பகுதியில் வீடு வாங்குகிற எல்லாரும் தெரிந்திருக்க வேண்டியது. கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது, சீமெந்தின் காரம் அதைக் காக்கும். உப்பு உள்ளே போனால் அந்தக் காவல் போய்விடும். கலவைக்குள்ளேயே உப்பு இருந்தால் கட்டிய நாளிலிருந்தே வேலை தொடங்கிவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பிடிக்க இடமில்லாமல் கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். வெளியில் பூசி மறைக்கலாம், நிற்பாட்ட முடியாது. நல்ல மண்ணில் கட்டினாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று உப்பைக் கொண்டுவந்து சுவரில் அடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கடலோரத்தில் கம்பிக்கு மேலே கொங்கிறீற்று மூடி நிற்கிற கனம் நகரத்து வீட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே மேசன்மாருக்கு அது தெரியும். கட்டுவிக்கிறவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு, கெதியாய் முடிக்கச் சொல்லி, மேற்பார்வைக்கு ஆள் வைக்காமல் விட்டால்தான் இப்படி ஆகிறது.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பம் பின்னால் ஒரு சிறிய அறையில் இருந்தது. அந்தப் பெண் எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தா. கேத்தல் அடியில் வெள்ளையாய்க் கல் பிடித்திருந்தது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் குழாயிலிருந்து எடுக்கவில்லை, மூலையில் இருந்த கானிலிருந்து ஊற்றினா. "குடிக்கிறது பவுசர் தண்ணி, அக்கா. கிணத்துத் தண்ணி குளிக்கத்தான். அதுவும் சவுக்காரம் நுரைக்காது" என்றா. நான் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கின பிறகுதான் நாக்கின் இரண்டு பக்கமும் உப்பு நின்றது.

வளவின் முன்பக்கம் நீச்சல் தடாகம், உள்ளே காய்ந்த சருகு. பத்து மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழம் என்றார்கள். கணக்குப் பாருங்கள், 60,000 லீற்றர். அந்தக் குடும்பம் குடிதண்ணீரைக் கானில் அளந்து பாவிக்கிறது.

இன்னொன்று. கடற்கரையிலிருந்து, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து எண்ணி, தரைப்பக்கம் 300 மீற்றர் வரைக்கும் கரையோர வலயம். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதற்குள் கட்டுவதற்குத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்திரம் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் இங்க ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்றார் தரகர். நான் கேட்கிறேனே என்றேன். அதோடு அந்த வீடு முடிந்தது. தம்பிக்கு ஒரு கிழமை கோபம்.

தண்ணீரைப் பற்றி அவனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அதன் சாரம் இதுதான். எங்கள் தீவுகளில் ஆறு இல்லை, மலை இல்லை. மாரியில் விழுகிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் இறங்கி, கீழே இருக்கிற உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் பாரம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்று ஒரு கணக்கு உண்டு. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், மேலே ஓரடி இறைத்துத் தீர்த்தால் கீழே உவர்நீர் 40 அடி மேலே ஏறி வரும். அப்படி ஏறினது திரும்பி இறங்க ஒரு மாரி போதாது. கையால் அள்ளுகிற கிணறு தலைமுறைக்கும் நிற்கும், பெரிய மோட்டார் போட்ட கிணறு சில கோடையில் உவராகிவிடும். இதனால்தான் ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் நல்ல தண்ணீரும் அடுத்த வீட்டில் உவரும் இருக்கும். வேலணையில் சாட்டிப் பக்கம் மணல் நிலம், அங்கே தண்ணீர் நன்றாக நிற்கிறது. சுற்றுத் தீவுகளுக்கும் அங்கிருந்து குடிதண்ணீர் போகிறது.

கிணறு பார்க்கப் போகிறவர்கள் வாளியில் அள்ளி ஒரு மிடறு குடித்துவிட்டு வந்துவிட வேண்டாம். முதலில் ஒரு போத்தலில் பிடியுங்கள். பிறகு ஒரு மணித்தியாலம் மோட்டாரை ஓடவிட்டு இன்னொரு போத்தலில் பிடியுங்கள். இரண்டையும் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். குடிதண்ணீரில் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேலே போகக்கூடாது என்பது இலங்கைத் தரம். இரண்டு போத்தலுக்கும் இடையில் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் அந்தக் கிணற்றின் உண்மையான நிலைமை.

இரண்டாவது வீட்டைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் மனம் கிடந்து அடிக்கிறது. துறையடிக்குக் கிட்ட, ஒரு நாற்சார் வீடு. தெருப்பக்கம் தலைவாசல், உள்ளே நடுமுற்றம், நாலு பக்கமும் விறாந்தை. முருகைக்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசின சுவர், இரண்டடிக் கனம். சித்திரை வெயிலில் உள்ளே போனோம், விறாந்தையில் கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்தது. கூரையில் பாதி இல்லை. இருக்கிற பாதியில் பனைமர வளையும் சலாகையும் கறுத்து இரும்பாய்க் கிடந்தன. சித்தப்பா கத்தி முனையால் குத்திப் பார்த்தார், இறங்கவில்லை. முற்றத்து மழைநீரை எடுக்கிற பீலி ஒரு மூலையில் அப்படியே இருந்தது. கம்பியே போடாத வீடு, துருப்பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. நூறு வருடம் உப்புக் காற்றில் நின்ற சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், "இதைக் கட்டினவன் வேலை தெரிஞ்சவன்."

வாங்கியிருப்போம். உறுதிதான் விடவில்லை.

கடைசி உறுதி ஒரு பாட்டியின் பெயரில், சீதனமாக வந்தது. பாட்டிக்கு எட்டுப் பிள்ளைகள். எட்டுப் பேரும் இப்போது இல்லை. பேரப்பிள்ளைகள் கனடா, பிரான்ஸ், லண்டன், சென்னை, கொழும்பு என்று சிதறிப் போனார்கள். விற்க வந்தவர்களிடம் எட்டில் மூன்று பங்குதான் இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்தது, இன்றும் எங்கள் காணிகளை ஆள்கிறது. முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று சொத்து எந்த வழியில் வந்தது என்பதைப் பார்த்துத்தான் அது யாருக்குப் போகும் என்று சொல்வார்கள். அதோடு பங்குக்காணியை ஒரு பங்காளி வெளியாருக்கு விற்கப் போனால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்குகிற உரிமை உண்டு, அதற்கென்று 1947 இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அறிவித்தல் கொடுக்காமல் எழுதிய உறுதியைப் பிறகு ஒரு பங்காளி வந்து வழக்குப் போட்டு மறிக்கலாம். காணிப் பதிவகத்தில் தேடுதல் போட்டோம், பாட்டிக்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. எல்லா வாரிசையும் கண்டுபிடித்து, இறந்தவர்களின் சொத்துக்கு வழக்கு வைத்து, கையெழுத்து வாங்கி முடிக்கும்போது அந்த மிச்சக் கூரையும் விழுந்துவிடும். விற்க வந்த அந்த மூன்று பங்காளிகளிடமும் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். நீங்கள் விற்காவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் தலைமுறையில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறை கூடிப் பேசி அந்த வீட்டை ஒருவர் பெயருக்காவது எழுதிவிடுங்கள்.

இதை வாசிக்கிற வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு உறுதி எழுதுகிற இடத்தில் இன்னொரு விஷயம். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர் பெயரில் இலங்கையில் காணி எழுத முடியாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், 2013 தை முதலாம் திகதியிலிருந்து செல்லும். நீண்ட குத்தகை எடுக்கலாம், 99 வருடம் வரை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தம்பி அதை முன்பே எடுத்து வைத்திருந்தான், நல்ல காலம். பலர் அந்த அலுவலுக்கு மினக்கெடாமல் இங்கே இருக்கிற தங்கை பெயரில், மச்சான் பெயரில் எழுதிவிடுகிறார்கள். எழுதின நிமிடத்திலிருந்து சட்டத்தின் கண்ணில் அது தங்கையின் காணி. தங்கைக்குப் பிறகு தங்கை பிள்ளைகளின் காணி. இந்த மாதிரிப் பிணக்கோடு எங்கள் அலுவலகத்துக்கு வருகிற அண்ணன் தங்கையைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஒரு கதிரை தள்ளி உட்காருவார்கள், ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். காசு அனுப்புகிற வழியும் முக்கியம். வெளிநாட்டுப் பணம் வங்கியில் அதற்கென்று இருக்கிற முதலீட்டுக் கணக்கு வழியாக வந்தால்தான், பிற்காலத்தில் வீட்டை விற்றால் அந்தக் காசைத் திரும்பக் கொண்டுபோகலாம். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மாறி, வந்த காசுக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவது வீடு கரம்பொன் பக்கம். 1970 களில் கட்டிய மாடி வீடு, 14 பரப்புக் காணி. பரப்புக் கணக்குப் பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு, 16 பரப்பு ஒரு ஏக்கர். மொசைக் தரை, வேப்பமரக் கதவுகள், அகலமான மேல் விறாந்தை. கூரை ஒருமுறை போய், உரிமையாளர் 2009 க்குப் பிறகு திரும்பப் போட்டிருக்கிறார். கடல் தெரியும், மேல் விறாந்தையின் மேற்குக் கோடியில் போய் நின்றால். தம்பிக்கு அந்தக் கோடி போதுமா என்று யோசித்துக்கொண்டே கீழே இறங்கிக் கிணற்றடிக்குப் போனேன்.

சித்தப்பா இரண்டு போத்தலும் பிடித்தார். இரண்டிலும் நல்ல தண்ணீர். ஆய்வுகூட அறிக்கையும் அப்படியே வந்தது. அந்தக் கிணற்றில் நான் குடித்தது இளநீர் குடித்த மாதிரி இருந்தது.

உறுதியைக் கையில் எடுத்தேன். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பிலிருந்து தொடங்கித் தொடர் அறாமல் வந்திருந்தது. கோவிற்பற்று, இறை, வளவின் பெயர், நாலு எல்லை, "இதற்குள்ளடங்கிய நிலம், கல்வீடு, பனை முழுவதும்." அதன் பிறகு ஒரு வரி. கிணற்றிலும் கிணற்றடிக்குப் போகிற வழியிலும் கிழக்கெல்லைக் காணிக்கு அரைப்பங்கு. அதாவது பக்கத்து வீட்டார் வந்து தண்ணீர் அள்ளலாம், அந்த உரிமை காணியோடு போகும்.

தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, இவ்வளவு காசு குடுத்து வாங்கிற வீட்டுக்குள்ள பக்கத்து வீட்டார் வாளியோட வந்து போறதோ? மதில் கட்டிக் கேற் போட்டுப் பூட்டலாம்தானே? அவையளுக்கு வேணுமெண்டால் நான் ஒரு கிணறு வெட்டிக் குடுக்கிறன்" என்றான்.

"கிணறு வெட்டலாம் தம்பி, தண்ணியை எங்க வெட்டுவாய்?" என்று கேட்டேன். பக்கத்துக் காணியில் ஒரு கிணறு ஏற்கெனவே இருக்கிறது, அது உவர். உறுதியில் எழுதின பங்கை மதில் கட்டி அழிக்க முடியாது, நீதிமன்றம் இடிக்கச் சொல்லும். அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது, அதைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமே கேட்டறிந்தேன். மாடி வீட்டுக்காரர் லண்டனில் இருந்த காலம் முழுக்க, இந்தக் கிணற்றை வருடம் ஒருமுறை இறைத்துச் சேறு எடுத்தது அவர்கள்தான். ஆவணியில் தண்ணீர் அடிக்குப் போகும்போது ஆட்களைப் பிடித்து இறக்கி, கிணற்றுக் கட்டில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கி, உடைந்த கல்லைத் திரும்ப வைத்துப் பூசியிருக்கிறார்கள். பெரியம்மா வளையத்தில் ஒரு இடத்தைக் காட்டினா, பூச்சின் நிறம் அங்கே வேறாக இருந்தது. ஆளில்லாத வளவில் கிணறு என்ன ஆகும் என்பது தீவுப்பகுதியில் எல்லாருக்கும் தெரியும். பாசி, பாம்பு, விழுந்த பனையோலை. இந்தக் கிணறு இனிப்பாக இருப்பதற்கு அந்தக் குடும்பம் தினமும் வந்து அள்ளினதும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

தம்பி பெரியம்மாவோடு நேரே கதைத்தான். அவவுக்கு எங்கள் அம்மாவைத் தெரியும், பேச்சு எங்கெங்கோ போனது. முடிவில் அவன் கேட்ட கேள்வி நான் எதிர்பார்க்காதது. "பெரியம்மா, நீங்கள் மோட்டார் வைச்சே இறைக்கிறியள்?" இல்லை, வாளிதான் என்றா. அவன் என்னிடம் திரும்பி, "அப்ப கூட இறைக்கப் போறது நான்தான்" என்றான். ஐந்து குளியலறை, பூந்தோட்டம், வாகனம் கழுவுவது என்று எல்லாவற்றையும் சித்தப்பாவோடு சேர்ந்து லீற்றரில் எழுதிப் பார்த்தான். நீச்சல் தடாகத்தை அவனே வெட்டிவிட்டான். பதிலாகக் கூரைத் தண்ணீர் முழுவதையும் பீலியில் எடுத்து நிலத்தடித் தொட்டியில் சேர்க்கிற வேலை பட்டியலில் ஏறியது. தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீரைக் கிணற்றைச் சுற்றி நிலத்துக்குள் விடுவதாகத் திட்டம். மோட்டார் சிறியது, காலையில் மட்டும். கிணற்றடிக்குக் கிழக்குப் பக்கத்தால் தனி வழியும் ஒரு படலையும். புதிய உறுதியிலும் அந்த அரைப்பங்கு வரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதச் சொன்னான்.

விற்றவர் ஒரு பெண், சீதன வீடு, கணவர் உயிரோடு இருக்கிறார். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்பதானால் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். தன் பெயரில் இருக்கிற சொத்துக்கு ஒரு பெண் இன்றும் அனுமதி வாங்க வேண்டியிருப்பது எனக்குச் சம்மதமில்லை. அது மாற வேண்டும் என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். ஆனால் சட்டம் இருக்கும்வரை அந்தக் கையெழுத்து இல்லாத உறுதியை நான் யாருக்கும் வாங்கக் கொடுக்கமாட்டேன். இரண்டு பேரும் லண்டனில் உயர்ஸ்தானிகராலயத்தில் அற்றோணித் தத்துவம், அதாவது தங்களுக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரப் பத்திரம், முடித்து அனுப்பினார்கள், அதை இங்கே பதிந்தோம், பிறகுதான் விற்பனைக்கான அறுதி உறுதி. முத்திரை வரி, பெறுமதியில் முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இதை வீட்டு விலைக்கு வெளியே தனியாக எடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

தம்பி குடும்பம் வருடத்தில் இரண்டு மாதம் வந்து நிற்கும். மற்ற மாதங்களில் வீடு பூட்டிக் கிடக்க நான் விடவில்லை. ஊர்காவற்றுறையில் படிப்பிக்கிற ஒரு ஆசிரியை, கணவர், இரண்டு பிள்ளைகள், கீழ்த்தளத்தில் இருக்கப் போகிறார்கள். வாடகை கொஞ்சம்தான். கதவு யன்னலைத் தினமும் திறக்க வேண்டும், பீலியில் சருகு அள்ள வேண்டும், எல்லாக் குழாயையும் கிழமைக்கு ஒருமுறை ஓடவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். குளிரூட்டியின் வெளிப்பெட்டியை மேற்குச் சுவரில் வைக்காமல் கிழக்கில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், மேற்கில் வைத்தால் சோளகம் அதை இரண்டு வருடத்தில் தின்றுவிடும்.

வீடு பார்க்க வருகிறவர்கள் தை, மாசியில் வருகிறார்கள். அப்போது கிணறெல்லாம் நிரம்பி எல்லாத் தண்ணீரும் இனிக்கும், கடலும் அமைதியாக இருக்கும். ஆவணி, புரட்டாதியில் வாருங்கள். கிணறு அடியில் நிற்கும், காற்று உப்போடு அடிக்கும், எந்தச் சுவர் உதிர்கிறது என்று கண்ணால் காணலாம். பிடித்த வீட்டின் உறுதிப் பிரதியை வாங்கி, முற்பணம் கொடுக்கும் முன்பே ஒரு நொத்தாரிசிடம் காட்டித் தேடுதல் போடுங்கள்.